13பி ரோட்டரி, 8,000 அடியில் மணிக்கு 34 லிட்டர் குடிக்கிறது: எஞ்சின் குணமா, கலவைக் கோளாறா?

#1 இரட்டை_ரோட்டார்

எல்லோருக்கும் வணக்கம். நானே கட்டிய இரண்டு இருக்கை விமானம். எஞ்சின் டர்போ இல்லாத 13பி, அதாவது பிஸ்டனுக்குப் பதில் இரண்டு முக்கோண ரோட்டார் சுழலும் மாஸ்டா கார் எஞ்சின். கியர்பாக்ஸ் விகிதம் 2.85, ஃபிக்ஸட் பிட்ச் (அலகின் கோணம் மாறாத) ப்ரொப்பெல்லர். ஈயம் இல்லாத பெட்ரோல்தான் போடுகிறேன், 150 பங்குக்கு 1 பங்கு டூ-ஸ்ட்ரோக் ஆயில் கலந்து. ஒரு ரோட்டாருக்கு இரண்டு இன்ஜெக்டர், ஒவ்வொன்றும் நிமிடத்துக்கு 460 சிசி.

பிரச்சினை இதுதான். 8,000 அடியில் எஞ்சின் 5,000 ஆர்பிஎம், த்ராட்டில் முக்கால் பாகம். ஃப்ளோ மீட்டர் 34 லிட்டர் காட்டுகிறது. கிட்டத்தட்ட இதே எடையுள்ள விமானத்தில் நாலு சிலிண்டர் பிஸ்டன் எஞ்சினோடு ஒரு நண்பர் பக்கத்திலேயே பறந்தார். அவருக்கு 26 லிட்டர்.

எக்ஸாஸ்டில் உள்ள வைட்பேண்ட் சென்சாரில் காற்று-எரிபொருள் விகிதம் 12.8 (எடையில் ஒரு பங்கு பெட்ரோலுக்கு 12.8 பங்கு காற்று). கலவைக் குமிழைத் திருப்பி லீன் செய்தால் (பெட்ரோலைக் குறைத்தால்) 14.5 வரும்போதே எஞ்சின் குலுங்குகிறது. அந்த நேரத்தில் விகித மீட்டர் சட்டென்று 16, 17 என்று தாவுகிறது. பயந்து மறுபடி ரிச் (பெட்ரோல் அதிகமான) பக்கம் கொண்டுவந்துவிடுகிறேன். ஈசியூவில் (எஞ்சினை இயக்கும் கணினி) தானாகத் திருத்திக்கொள்ளும் வசதியை ஆன் செய்து வைத்திருக்கிறேன், மேப்பை (எந்த நிலையில் எவ்வளவு பெட்ரோல் என்ற அட்டவணை) அதுதான் எழுதியது. ரோட்டரி என்றாலே இவ்வளவுதான் என்று விட்டுவிடலாமா, இல்லை நான் எங்கோ தப்பு செய்கிறேனா?

#2 பழைய_இறக்கை

தம்பி, முதலில் எஞ்சினின் குணத்தைப் புரிந்துகொள்ளுங்கள். பிஸ்டன் எஞ்சினில் எரியும் அறை கிட்டத்தட்ட ஒரு வட்டமான டப்பி. ரோட்டரியில் அது நீளமாக, சப்பையாக, ஓடிக்கொண்டே இருக்கிற ஒரு பிறை. அளவுக்கு ஏற்ற பரப்பை விட மிக அதிகப் பரப்பு சுவராக இருக்கிறது. சூடு அந்தச் சுவர் வழியாகத் தண்ணீருக்கும் ஆயிலுக்கும் போய்விடும். சுடர் அறையின் பின்கோடி வரை போய்ச் சேருவதற்குள் எக்ஸாஸ்ட் போர்ட் திறந்துவிடும். ரோட்டார் முனைகளில் உள்ள அபெக்ஸ் சீல் வழியாக ஒரு அறையிலிருந்து அடுத்த அறைக்குக் கொஞ்சம் கசியும். இந்த மூன்றும் சேர்ந்துதான் அதன் பசி.

கணக்கில் சொல்கிறேன். 8.5 கம்ப்ரெஷன் உள்ள விமானப் பிஸ்டன் எஞ்சினை நன்றாக லீன் செய்து ஓட்டினால் ஒரு கிலோவாட் மணிக்கு ஏறக்குறைய 245 முதல் 250 கிராம் பெட்ரோல். சாதாரணமாக ஓட்டும் 13பி 300 கிராம் பக்கத்தில் நிற்கும். 100 குதிரைத்திறன் என்பது 74.6 கிலோவாட். அப்போது ஒன்றுக்கு 25 லிட்டர் சொச்சம், இன்னொன்றுக்கு 30 லிட்டர். அந்த 5 லிட்டரில் ஒரு பகுதி பிறவிக்குணம், மாற்ற முடியாது.

#3 மேனிஃபோல்ட்

ஐயா சொன்ன கணக்கு சரி, மறுக்கவில்லை. ஆனால் அதே கணக்கில் இவருடைய 34 லிட்டர் எங்கே போகிறது? 34 லிட்டர் என்றால் 25 கிலோ. அவர் 100 குதிரைத்திறன் எடுக்கிறார் என்றால் 335 கிராம் ஆகிறது. பிறவிக்குணத்தையும் தாண்டி 10 சதவீதத்துக்கு மேல் வீணாகிறது. அதைத்தான் தேட வேண்டும்.

ரோட்டரியில் ஒரு பெரிய நல்ல குணம் இருக்கிறது. டர்போ இல்லாத 13பி ஆக்டேனைப் பற்றிக் கவலைப்படுவதே இல்லை, தட்டல் (கலவை தானாகவே வெடித்துப் பற்றுவது) சுலபத்தில் வராது. பிஸ்டன் எஞ்சினில் அதிகப் பவரில் ஈஜிடி (எக்ஸாஸ்ட் வெப்பநிலை) உச்சத்துக்கு அருகே கலவையை வைத்தால் சிலிண்டர் தலை சூடும் தட்டலும் வருமோ என்று பயப்படுவோம். இங்கே அந்தப் பயம் மிகக் குறைவு. உச்சத்தைத் தாண்டி லீன் பக்கம் தாராளமாகப் போகலாம். நல்ல நிலையில் உள்ள 13பி க்ரூஸில் (ஒரே உயரத்தில் சீராகப் பறக்கும்போது) 15.5, 16 வரை மிருதுவாக ஓட வேண்டும். 14.5-ல் குலுங்குகிறது என்றால் அதற்குக் காரணம் எஞ்சினின் வடிவம் இல்லை, ஏதோ ஒரு பாகம் வேலை செய்யவில்லை.

தானியங்கித் திருத்தத்தை உடனே ஆஃப் செய்யுங்கள். வைட்பேண்ட் சென்சார் பெட்ரோலைப் பார்ப்பதில்லை, ஆக்ஸிஜனைத்தான் பார்க்கிறது. ரோட்டாரின் ஒரு முகத்தில் கலவை பற்றாமல் போனால், எரியாத காற்று அப்படியே சைலன்சருக்கு வரும். சென்சார் அதை "லீன்" என்று படிக்கும். ஈசியூ அதை நம்பிப் பெட்ரோலை ஏற்றும். ரிச் கலவை கொஞ்சம் சுலபமாகப் பற்றும் என்பதால் குலுக்கல் அடங்கும், நீங்களும் சரியாகிவிட்டது என்று நினைப்பீர்கள். உங்கள் மீட்டர் 14.5-லிருந்து 17-க்குத் தாவியதே, அது கலவை மாறியதால் இல்லை, பற்றாமல் போனதால் என்று நினைக்கிறேன்.

மூன்று விஷயம் சொல்லுங்கள்: ஒவ்வொரு ரோட்டாருக்கும் தனி ஈஜிடி இருக்கிறதா? சென்சாருக்கு முன்னால் எக்ஸாஸ்ட் இணைப்பில் கசிவு பார்த்தீர்களா? ஒவ்வொரு ரோட்டாரிலும் லீடிங், ட்ரெய்லிங் என்று இரண்டு ப்ளக் உண்டே, அதில் ட்ரெய்லிங் ப்ளக் நான்குக்கும், மன்னிக்கவும், இரண்டுக்கும் பறக்கும்போது சோதனை செய்தீர்களா?

#4 இரட்டை_ரோட்டார்

அண்ணா, தனித்தனி ஈஜிடி இருக்கிறது. முன் ரோட்டார் 905 டிகிரி, பின் ரோட்டார் 930. எக்ஸாஸ்ட் இணைப்பில் சோப்புத் தண்ணீர் வைத்துப் பார்த்தேன், கசிவு இல்லை. ப்ளக் சோதனை தரையில் ஒவ்வொரு முறையும் செய்கிறேன். லீடிங் மட்டும், ட்ரெய்லிங் மட்டும், இரண்டிலும் நன்றாகவே ஓடுகிறது.

#5 மேனிஃபோல்ட்

தரைச் சோதனை போதாது தம்பி. குறைந்த த்ராட்டிலில் அறைக்குள் அழுத்தம் குறைவு, சோர்ந்துபோன காயில்கூட அந்த இடைவெளியைத் தாண்டிப் பொறி விடும். த்ராட்டில் திறந்து அழுத்தம் ஏறினால் அதே பொறி தாண்டாது. லீன் கலவை இன்னும் அதிக வோல்டேஜ் கேட்கும்.

வானில் செய்யும் சோதனை இது. ஓடுதளத்துக்கு மேலே, எஞ்சின் நின்றாலும் சறுக்கி இறங்கக்கூடிய உயரத்தில், பக்கத்து இருக்கையில் ஒருவரை வைத்துக்கொண்டு செய்யுங்கள். நீங்கள் விமானத்தை ஓட்டுங்கள், அவர் எண்களை எழுதட்டும். க்ரூஸ் பவரில் ட்ரெய்லிங்கை மட்டும் 20 விநாடி ஆஃப் செய்து இரண்டு ஈஜிடியையும் பாருங்கள். ட்ரெய்லிங் நின்றால் எரிதல் தாமதமாகும், எக்ஸாஸ்ட் சூடாகும். அதனால் ஈஜிடி *ஏற வேண்டும்*. எந்த ரோட்டாரில் ஏறவில்லையோ, அதில் ட்ரெய்லிங் ஏற்கெனவே செத்துக் கிடக்கிறது என்று அர்த்தம்.

பின் ரோட்டார் இப்போதே 25 டிகிரி அதிகம். என் சந்தேகம் அங்கேதான்.

#6 புதுப்_பறவை

இடையில் கேட்பதற்கு மன்னிக்கவும். முதல் உலகப்போர் விமானங்களில் இருந்ததும் ரோட்டரி எஞ்சின்தானே? அதுவும் இதுவும் ஒன்றா? அதிலும் கலவைக் குமிழ் இருந்ததா?

#7 பழைய_இறக்கை

நல்ல கேள்வி. பெயர் ஒன்றுதான், ஆள் வேறு. க்னோம், லெ ரோன், கிளெர்ஜே போன்ற எஞ்சின்களில் நடு ஷாஃப்ட் விமானத்தோடு சேர்ந்து அசையாமல் நிற்கும். சிலிண்டர்கள் மொத்தமும் ப்ரொப்பெல்லரோடு சேர்ந்து சுழலும். பிஸ்டன் உண்டு. நாங்கள் இங்கே பேசுவது ஃபெலிக்ஸ் வான்கெல் பெயரில் உள்ள, என்எஸ்யூ நிறுவனத்தில் 1957-ல் முதலில் ஓடிய வகை. பிஸ்டனே கிடையாது, முக்கோண ரோட்டார் ஒன்று கூட்டுக்குள் உருளும். மாஸ்டா 1967 முதல் இதைக் காரில் போட்டு விற்றது.

கலவை விஷயத்தில் அந்தப் பழைய எஞ்சின் பெரிய பாடம் வைத்திருக்கிறது. பெரும்பாலும் காற்றுக்கு ஒரு நெம்புகோல், பெட்ரோலுக்குத் தனியாக ஒரு நெம்புகோல். இரண்டையும் விமானிதான் ஒத்துப்போக வைக்க வேண்டும். சாப்வித் கேமல் விமானத்தில் தரையை விட்டு எழும்பியதும் பெட்ரோலைக் குறைக்க வேண்டும். மறந்தால் எஞ்சின் ரிச்சாகித் திணறும், மூக்கு மேலே இருக்கிற நிலையில் வேகம் போய்விடும், விமானம் சுழன்று விழும். பயிற்சியில் இருந்த இளைஞர்கள் பலர் அப்படிப் போனார்கள். இதை நான் புதியவர்களிடம் எப்போதும் சொல்வேன். லீன் ஆனால்தான் ஆபத்து, ரிச் என்றால் பத்திரம் என்று ஒரு எண்ணம் பரவிக் கிடக்கிறது. ரிச்சும் எஞ்சினை நிறுத்தும்.

#8 எட்டாயிரம்_அடி

நானும் 13பி தான், பல வருடமாக. மேப் பற்றி ஒன்று சேர்க்கிறேன். தரையில் கட்டிப்போட்டு எழுதிய மேப் மேலே அப்படியே பொருந்தாது. நம் ஈசியூக்கள் பெரும்பாலும் மேனிஃபோல்ட் (எஞ்சினுக்குக் காற்று போகும் குழாய்) அழுத்தத்தையும் காற்றின் வெப்பத்தையும் வைத்துக் காற்றின் அளவைக் கணக்கிடுகின்றன. 8,000 அடியில் வெளிக்காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் இருப்பதில் 79 சதவீதம்தான். சென்சார் உள்ளே வரும் பக்கத்தைக் கவனித்துக்கொள்கிறது, சரி. ஆனால் வெளியே போகும் பக்கம்? எக்ஸாஸ்ட் எதிரழுத்தமும் குறைந்திருக்கிறது. அதே மேனிஃபோல்ட் அழுத்தத்தில் எஞ்சின் மேலே இன்னும் சுத்தமாக மூச்சு விடும், கொஞ்சம் அதிகக் காற்று உள்ளே வரும். பழைய 13பியில் இன்டேக்கும் எக்ஸாஸ்ட்டும் ஒன்றாகத் திறந்திருக்கும் நேரம் உண்டு என்பதால் இது நன்றாகவே தெரியும். ஆர்எக்ஸ்-8 காரில் வந்த ரெனிசிஸ் எஞ்சினில் எக்ஸாஸ்ட் போர்ட்டைப் பக்கச் சுவருக்கு மாற்றி அந்த நேரத்தையே எடுத்துவிட்டார்கள்.

அதனால் நான் மேப்பைக் குறைந்தது இரண்டு உயரத்தில் சரிபார்க்கிறேன், 3,000 அடியில் ஒரு முறை, 8,000-ல் ஒரு முறை.

இன்னொன்று. உங்கள் த்ராட்டில் முக்கால் என்றீர்கள். லீனாக ஓட்ட நினைத்தால் த்ராட்டிலை முழுதாகத் திறந்துவிட்டுக் கலவையால் பவரைக் குறையுங்கள். பாதி மூடிய த்ராட்டிலுக்கு எதிராகக் காற்றை இழுப்பதும் வேலைதான், அதற்கும் பெட்ரோல் செலவாகிறது.

#9 சறுக்கு_வானம்

நான் சறுக்கு விமானக்காரன். எங்கள் பக்கம் ஷ்லைஷர் ஏஎஸ்எச் 26 இ போன்றவற்றில் 50 குதிரைத்திறன் அளவில் ஒற்றை ரோட்டார் எஞ்சின் உண்டு. ஏறும் வரை ஓட்டுவோம், அப்புறம் நிறுத்தி, ப்ரொப்பெல்லரை மடித்து உள்ளே வைத்துவிடுவோம். குடிப்பதைப் பற்றி யாரும் பேசியதே இல்லை. சின்ன அளவு, அதிர்வு இல்லாமை, இதுதான் எங்களுக்கு வேண்டியது. மணிக்கணக்காக ஓட்டும் உங்களுக்குக் கணக்கு வேறு என்று இந்த இழையைப் படித்துத்தான் புரிகிறது.

#10 இரட்டை_ரோட்டார்

சோதனை முடிந்தது. 7,500 அடி, ஓடுதளத்துக்கு நேர் மேலே, நண்பர் எழுதினார்.

ட்ரெய்லிங் ஆஃப் செய்ததும் முன் ரோட்டார் 905-லிருந்து 938-க்கு ஏறியது. பின் ரோட்டார் 930-லிருந்து 932. அவ்வளவுதான், அசையவில்லை. அண்ணா சொன்னது அப்படியே.

கவுலிங் (எஞ்சின் மூடி) திறந்து பார்த்தேன். பின் ட்ரெய்லிங் காயிலின் வயர் முனையில் பச்சை பூத்திருக்கிறது, இரண்டு மூன்று இழை மட்டும்தான் பிடித்துக்கொண்டிருக்கிறது. டெர்மினலை நான்தான் கிரிம்ப் செய்தேன். எக்ஸாஸ்ட் குழாய்க்கு ஒரு சாண் தூரத்தில் வயரைக் கொண்டுபோனதும் நான்தான். எத்தனை மணி நேரம் இப்படிப் பறந்தேனோ தெரியவில்லை. நினைத்தால் மனசு பதறுகிறது. நான்கு வயரையும் புதிதாக இழுத்து, காயிலையும் மாற்றி, சூட்டிலிருந்து தள்ளிக் கட்டிவிட்டேன்.

#11 மேனிஃபோல்ட்

கண்டுபிடித்தது நிம்மதி. இப்போது பழைய மேப்பை நம்பாதீர்கள். செத்த பொறியை ஈடுகட்ட அது எழுதிக்கொண்ட மேப். தானியங்கி ஆஃபிலேயே இருக்கட்டும், கையால் எழுதுங்கள்.

எழுதும்போது இன்ஜெக்டர் கைமாறும் இடத்தைக் கவனியுங்கள். முதல் ஜோடி (ரோட்டாருக்கு ஒன்று) மட்டும் ஓடிக்கொண்டிருக்கும், ஒரு அழுத்தத்துக்கு மேலே இரண்டாவது ஜோடியும் சேரும். அந்த இடத்தில் மேப்பில் ஒரு மேடு வரும். உங்கள் க்ரூஸ் அழுத்தம் சரியாக அந்த மேட்டில் உட்கார்ந்திருந்தால் கலவை நிலையாகவே நிற்காது, ஒரு சின்ன காற்றலைக்கே ரிச்சும் லீனுமாக ஆடும். கணக்குப் பாருங்கள்: முதல் ஜோடி 460 + 460, நிமிடத்துக்கு 920 சிசி, மணிக்கு 55 லிட்டர். க்ரூஸுக்கு 30 லிட்டருக்குக் கீழேதான் வேண்டும், முதல் ஜோடி பாதித் திறப்பிலேயே கொடுத்துவிடும். கைமாறும் இடத்தை க்ரூஸுக்கு நன்றாக மேலே தள்ளி வையுங்கள். டேக்-ஆஃப் பவருக்கு இரண்டாவது ஜோடி கட்டாயம் வேண்டும், அதைத் தொடாதீர்கள்.

#12 எட்டாயிரம்_அடி

லீன் செய்யும்போது மீட்டரை மட்டும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். ஃபிக்ஸட் பிட்ச் ப்ரொப்பெல்லரில் ஆர்பிஎம்தான் உங்கள் பவர் மீட்டர். பவர் ஆர்பிஎம்மின் மும்மடிப் பெருக்கத்தில் போகும். அதனால் 1 சதவீதம் ஆர்பிஎம் விழுந்தால் ஏறக்குறைய 3 சதவீதம் பவர் போயிருக்கிறது. 5,000-ல் 50 விழுந்தால் 3 சதவீதம்.

இதை வைத்து ஒரு கணக்கு. 12.8-லிருந்து 15.5-க்குப் போனால், காற்று அதே அளவு என்றால் பெட்ரோல் 17 சதவீதம் குறைகிறது. பவர் 7 சதவீதம் போகிறது என்று வைத்துக்கொண்டாலும், ஒரு குதிரைத்திறனுக்கு 11 சதவீதம் மிச்சம். போன பவரைத் த்ராட்டிலைத் திறந்து திரும்ப எடுத்துக்கொள்ளலாம், அதற்குத்தான் முழுதாகத் திறக்கச் சொன்னேன். இன்னும் லீனாகப் போனால் ஒரு கட்டத்தில் பெட்ரோல் குறைவதை விட பவர் வேகமாக விழ ஆரம்பிக்கும். அங்கேயே நின்றுவிடுங்கள்.

லீன் கலவை மெதுவாக எரியும். பற்றவைப்பை இரண்டு மூன்று டிகிரி முன்னால் கொண்டுவந்தால் ஈஜிடி இறங்கும், போன பவரில் கொஞ்சம் திரும்பும். ஒரு டிகிரியாக மாற்றிப் பாருங்கள், அவசரம் வேண்டாம்.

#13 பழைய_இறக்கை

சென்சாரைப் பற்றி ஒரு வார்த்தை. வெளியூர் போகும்போது ஈயம் உள்ள ஏவ்காஸ் (விமானப் பெட்ரோல்) போட நேர்ந்தால் அந்த வைட்பேண்ட் சீக்கிரம் குருடாகும். மெதுவாகப் பொய் சொல்ல ஆரம்பிக்கும், கண்டுபிடிப்பது கஷ்டம். ஈஜிடி, ஃப்ளோ மீட்டர், ஆர்பிஎம் மூன்றையும் எழுதி வைத்திருந்தால் சென்சார் மாறுவது தெரிந்துவிடும்.

#14 இரட்டை_ரோட்டார்

ஐந்து முறை பறந்து எழுதினேன். மொத்தம் ஏழு மணி நேரம். இப்போதைய நிலை:

8,000 அடி, த்ராட்டில் முழுதாக, 5,000 ஆர்பிஎம், விகிதம் 15.4. ஃப்ளோ மீட்டர் 28. முன்பு இருந்த அதே வேகம். டாங்க் நிரப்பிப் பார்த்தும் சரிபார்த்தேன், மீட்டர் சொல்வதும் ஊற்றியதும் ஒத்துப்போகிறது. பற்றவைப்பை 2 டிகிரி முன்னால் வைத்திருக்கிறேன். ஈஜிடி முன் 898, பின் 902.

எதிர்பார்க்காத ஒன்று, தண்ணீர் வெப்பம் 5 டிகிரி இறங்கியது, ஆயிலும் இறங்கியது. ரேடியேட்டர் வெளிவாயைக் கொஞ்சம் மூட முடிந்தது, அதில் சிறிது வேகமும் ஏறியது.

#15 பழைய_இறக்கை

28 என்றால், 100 குதிரைத்திறன் எடுக்கும்போது ஒரு கிலோவாட் மணிக்கு 275 கிராம் பக்கம். நான் #2-ல் 300 என்று எழுதினேன். "சாதாரணமாக ஓட்டும் 13பி" என்ற சொல்லுக்குள் எத்தனை பேருடைய ரிச் மேப்பும் செத்த ப்ளக்கும் ஒளிந்திருக்கிறதோ என்று இப்போது யோசிக்கிறேன். பிறவிக்குணம் நான் நினைத்ததை விடச் சின்னது. மேனிஃபோல்ட் தம்பி சொன்னதை ஏற்கிறேன்.

வெளிவாயை மூடியதும் முக்கியம். ரோட்டரி தன் சூட்டில் கணிசமான பங்கைத் தண்ணீருக்கும் ஆயிலுக்கும் கொடுக்கிற எஞ்சின். ரோட்டாரின் உள்ளே ஓடிக் குளிர்விப்பதே ஆயில்தான். அந்தச் சூட்டை வெளியேற்ற விமானம் காற்றை இழுத்துச் சுமக்க வேண்டும், அதுவும் பெட்ரோல்தான். பெஞ்சில் அளக்கும் கிராம் கணக்கில் இது வராது.

#16 இரட்டை_ரோட்டார்

நன்றி ஐயா, நன்றி அண்ணா. இன்னும் ஒரு சந்தேகம் பாக்கி. 15.8 வந்தால் பின் ரோட்டார் லேசாகத் தடுமாறுகிறது, அதன் ஈஜிடி முன்னதை விட வேகமாக இறங்குகிறது. முன் ரோட்டார் அந்த இடத்தில் ஒரு குறையும் இல்லாமல் ஓடுகிறது. ட்ரெய்லிங் சோதனை மறுபடி செய்தேன், இரண்டிலும் 30 டிகிரிக்கு மேல் ஏறுகிறது. ஆக, பொறி இல்லை.

#17 மேனிஃபோல்ட்

அப்படியென்றால் பின் ரோட்டாருக்குப் பெட்ரோல் கொஞ்சம் குறைவாகப் போகிறது, அல்லது காற்று கொஞ்சம் அதிகம். ஒரே சென்சார் இரண்டின் சராசரியைத்தான் காட்டும். 15.8 என்பது முன்னால் 15.4, பின்னால் 16.2 என்றுகூட இருக்கலாம்.

முதல் ஜோடி இன்ஜெக்டர் இரண்டையும் ஒன்றுக்கொன்று இடம் மாற்றிப் போடுங்கள், வேறெதையும் தொடாமல். மறுபடி 15.8-க்கு லீன் செய்யுங்கள். தடுமாற்றம் முன் ரோட்டாருக்கு வந்துவிட்டால் இன்ஜெக்டர்தான், சுத்தம் செய்து ஒரே அளவு பாயும் ஜோடியாகப் போட்டால் தீரும். பின்னாலேயே நின்றால் இன்டேக் பக்கம், கேஸ்கெட்டிலிருந்து தேட ஆரம்பிக்கலாம்.

#18 இரட்டை_ரோட்டார்

சனிக்கிழமை மாற்றிப் போட்டுவிட்டு ஞாயிறு காலை பறக்கிறேன். எண்களை இங்கேயே எழுதுகிறேன்.